நாலு மணிக்கு வாங்க

அத்தியாயம் 9

ஜூலை 12, சனிக்கிழமை.

இன்றைய தவறு: தேதி. அம்மாவின் மீஞ்சூர் வகுப்பு போன வாரத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்து, அண்ணனுக்குப் பார்த்த பெண் வீட்டாருக்கு ஞாயிறு காலை பத்து மணி என்று நான்தான் சொன்னேன். நடுவில் ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் வகுப்பு தள்ளிப்போனதை மறந்துவிட்டேன். மாலையில் நந்தினி மேடம் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. நாளைதான் கடைசி வகுப்பு. சிறிய தவறு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மாலதி பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள்.

பொன்னேரியில் அவள் போகும் மாலை வகுப்பில் கணக்கு எழுதக் கற்றுத் தருகிறார்கள். கூடவே தினமும் டைரியும் எழுதச் சொல்கிறார்கள். அன்றைய தவறு ஒன்றில் தொடங்கி, மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். மற்றவர்கள் வாரக் கடைசியில் மொத்தமாக எழுதிக் கொடுப்பார்கள். மாலதிக்கு அப்படி முடியாது. ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் எதையும் சரியாகச் செய்ய மாட்டோம் என்று அவளுக்கு ஒரு பயம்.

கோட்டைக்குப்பத்து ராஜம்மா வீட்டில் நடப்பதை எட்டு வாரமாக இந்தத் தொடரில் படித்துவருபவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல.

புதிதாக வருபவர்களுக்கு: ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு. ராஜம்மாவின் புருஷன் சீனிவாசன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபோது அந்த வீட்டுப் பாடும் போயிற்று. ராஜம்மா ஏரிச் சேற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, பிள்ளைகள் பரத்தையும் மாலதியையும் வளர்த்தாள்.

மீஞ்சூர்ச் சந்தையில் கூட உட்கார்ந்து நண்டு விற்ற அம்மணிக்கு ஒரு நாள் வயிற்றுவலி. "எனக்குப் பதிலா ஒரு எடத்துல போய் நில்லு, சும்மா நிக்கணும், அவ்ளோதான்" என்றாள். நந்தினி என்ற சிற்பி, ஆளை நிற்கவைத்துப் பார்த்துச் சிலை செய்யக் கற்றுத் தரும் கூடம் அது. ராஜம்மா போய் நின்றாள். ஏழு வருஷமாக நிற்கிறாள். இப்போது அவளை அழைக்க மூன்று இடங்கள். ஒன்றுக்கு ஒன்று இடித்தால் அவள் அம்மணியை அனுப்புவாள், அம்மணி அவளை அனுப்புவாள். ஒருத்தி வகுப்பில் இன்னொருத்தி கை வைத்ததில்லை.

பரத் மட்டும் ஊரில் வேறு சொல்லி வைத்திருந்தான். அம்மாவுக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் வேலை என்று. அவனுக்குப் பார்த்திருக்கும் தோணிரேவுப் பெண் மோகனப்பிரியாவின் வீட்டிலும் அதையே சொல்லியிருந்தான்.

ஞாயிறு காலை. ராஜம்மா தலை வாரிக்கொண்டிருந்தபோது மாலதி விஷயத்தைச் சொன்னாள்.

ராஜம்மா சீப்பை நிறுத்தவில்லை. "பத்து மணிக்கா?"

"ஆமாம்மா. என் தப்பு."

"தப்புதான். வுடு."

விடவில்லை பரத். குளித்து, வெள்ளைச் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி வந்தான். "எம்மா, அந்த மேடத்துக்குப் போன் போட்டு ஜுரம்னு சொல்லிடு."

"எனக்கு ஜுரம் இல்லியே."

"அய்ய! சொல்றதுக்கு ஜுரம் வரணுமா? அம்மணி அக்காவை அனுப்பு."

"மூஞ்சியும் கையும்தான் பாக்கி. அம்மணி மூஞ்சியக் கொண்டாந்து என் கழுத்துல வைக்கச் சொல்றியா?"

மாலதிக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் பார்த்த பார்வையில் அது போய்விட்டது.

"இத வுட்டா ஆடி வந்துடும். ஆடில எவனாச்சும் கல்யாணப் பேச்சு பேசுவானா? இந்த வருஷம் பாடு வரிசையில என் பேரு சேரணும்னா இப்ப முடிச்சாத்தான் உண்டு. எத்தினி நாளு அடுத்தவன் படகுல கூலிக்கு ஏறுறது? நீதான் சொல்லேன்."

அது நியாயம்தான். ராஜம்மாவும் அதை மறுக்கவில்லை. கொண்டையை முடிந்து, ஊசியைக் குத்தி, கண்ணாடியில் இரண்டு பக்கமும் பார்த்தாள். வகுப்பு நடந்த வாரமெல்லாம் அதே கொண்டை, அதே உயரம்.

"நாளைக்குக் களிமண் சிலைக்கு அச்சு எடுக்கறாங்க. இன்னிக்கு நான் போகலன்னா அந்தப் பசங்க செஞ்சது மூஞ்சி இல்லாம நிக்கும். வரேன்னு சொல்லியிருக்கேன், போறேன். தோணிரேவுக்காரங்களுக்கு இன்னிக்குப் பாடுன்னு வையி. வலைய வுட்டுட்டு நம்ம வூட்டுக்கு வருவாங்களா? வேற நேரத்துக்கு வரோம்னு சொல்ல மாட்டாங்க? நாம சரின்னு சொல்ல மாட்டோம்? இன்னிக்கு என் பாடு."

"அதும் இதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்." பையைத் தோளில் மாட்டினாள். "மாலதி, தேதி வச்சது நீதானே? நீயே பேசு. நாலு மணிக்கு வாங்கன்னு சொல்லு."

பெண்ணின் அம்மா பூவிழி முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம். கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள் போல.

"யக்கா, நான் மாலதி பேசறேன். அம்மாவுக்குக் காலையில வேலை வந்துடுச்சு. நீங்க நாலு மணிக்கு வர முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை இன்னா வேலை? ஆஸ்பத்திரில கூட்டமா?"

மாலதி வாயைத் திறந்தாள். எதிரே பரத் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். "வேலைதாங்க்கா" என்றாள்.

"சரி, நாலு மணி" என்று பூவிழி வைத்துவிட்டாள். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தும் மாலதிக்குப் பிடிபடவில்லை.

அம்மாவை நேரத்துக்குத் திரும்ப அழைத்து வரவேண்டும் என்று அவளும் கூடவே ஏறினாள். திருப்பாலைவனத்தில் பஸ் நின்றபோது, டீக்கடையில் பைக்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பூவிழியின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன், முத்து மாதிரி இருந்தது. மாதிரிதான் என்று மாலதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொன்னேரியில் இறங்கி, ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல், ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள்.

மீஞ்சூரில் நந்தினியின் கூடம் ஒரு பழைய அரிசி மில். வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அது ராஜம்மா வைத்த விதி. வகுப்பில் இல்லாத யாரும் உள்ளே வரக்கூடாது என்பதும் அவள் வைத்ததுதான். முதல் வருஷம் அவள் சொல்லச் சொல்ல நந்தினி ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாள். அதற்குப் பதிலாக ராஜம்மா ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, சொல்லாமல் வராமல் இருந்ததில்லை. ஒரு தடவை கட்டிடத்துச் சொந்தக்காரர் 'சும்மா ஒரு நிமிஷம்' பார்க்க வந்தபோது, நந்தினி கதவில் குறுக்கே நின்று, இடத்தைக் காலி செய்யச் சொன்னாலும் சரி, உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அம்மா அந்தக் கூடத்தை 'நம்ம எடம்' என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"வாங்க ராஜம்மாக்கா. காலு வலி எப்பிடி?" என்றாள் நந்தினி.

"நிக்கும்."

"ஸ்டூல் போட்டுடட்டுமா? மூஞ்சிதானே இன்னிக்கு."

"உக்காந்தா கழுத்து மாறிடும் நந்தினிம்மா. நின்னுக்கறேன்."

கதவு மூடியது. மாலதி வெளியே, வாளிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக அம்மாவின் தேதிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். எந்த வகுப்பு, எந்த ரயில், எத்தனை வாரம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கதவுக்கு உள்ளே ஒரு நாளும் போனதில்லை. விதி என்று சொல்லிக்கொள்வாள். விதி மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ள மாட்டாள்.

பைக் சத்தம் கேட்டது.

மாதிரி இல்லை. முத்துவேதான். வண்டியை நிறுத்தி, கூடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மாலதி, ஆஸ்பத்திரிய மில்லுக்கு மாத்திட்டாங்களா?"

மாலதி எழுந்து நின்றாள்.

"காலையில என் அக்கா மொகத்தப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை இன்னா வேலைன்னு கேட்டதுக்கு 'வேலைதாங்க்கா'ன்னு சொன்னியாமே? அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. டேஷன்ல மீஞ்சூருக்கு டிக்கெட் எடுத்தீங்க, பின்னாலயே வந்துட்டேன். உங்க அம்மா எங்க?"

"உள்ள."

"உள்ள இன்னா பண்றாங்க?"

காலையில் போனில் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள். இப்போதும் விழுங்கலாம். மாவு அரைக்கிறார்கள் என்று சொல்லலாம். மில்தானே. ஆனால் இவர் நம்பமாட்டார். நம்பினாலும், நாளைக்கு இன்னொரு பொய் வேண்டும். தேதியையே சரியாக வைக்கத் தெரியாதவளுக்குப் பொய்களை எப்படி வரிசையாக வைக்கத் தெரியும்?

"அம்மா மாடல். சிலை செய்யறவங்களுக்கு முன்னால நிக்கறாங்க. அவங்களப் பாத்துப் படிக்கறவங்க செய்வாங்க."

"நிக்கறாங்கன்னா?"

"நிக்கறாங்கன்னா நிக்கறாங்க. சில வகுப்புல பொடவையோட. சில வகுப்புல துணியில்லாம."

சொல்லிவிட்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. எதிர்க் கடையில் ஒருவர் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

முத்துவின் முகம் சிவந்தது. "நகரு."

"முடியாது."

"நகருன்றேன்ல?"

"நீங்க போனை வாளில போட்டாலும் உள்ள போக முடியாது. நான் அவங்க பொண்ணு, நானே வெளிய நிக்கறேன். கொஞ்ச நேரத்துல ஓய்வு மணி அடிக்கும், அவங்களே வருவாங்க. கேக்கறத அவங்களக் கேளுங்க."

"இது இன்னா பெரிய கோயிலா?"

"வேலை பாக்கற எடம்."

குரல் நடுங்கியது. கால் நகரவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் கவனித்து மாலதி ஆச்சரியப்பட்டாள்.

உள்ளே மணி அடித்தது. கதவு கொஞ்சம் திறந்து நந்தினி எட்டிப் பார்த்தாள். மாலதி சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "ராஜம்மாக்காகிட்ட சொல்றேன். அவங்களுக்கு விருப்பம்னா வருவாங்க. நீங்க உக்காருங்க சார், டீ வரும்."

'விருப்பம்னா' என்ற சொல் முத்துவுக்குப் புரிய நேரம் பிடித்தது.

ராஜம்மா வந்தாள். கழுத்து முதல் கால் வரை பருத்தி அங்கி. கொண்டை கலையக்கூடாது என்று தலையை ஆட்டாமல் நடந்தாள். அதனால் பார்ப்பதற்கு யாரையோ அலட்சியம் செய்வதுபோல் இருந்தது. செய்தாளோ என்னவோ.

"வாங்கண்ணே. நாலு மணிக்குத்தானே வரச் சொன்னோம்?"

"இன்னாம்மா இது? வெக்கமா இல்ல?"

"மொத நாளு இருந்திச்சு."

"பையனுக்குப் பாடு கேக்கறீங்க. இது ஊருக்குத் தெரிஞ்சா சேப்பாங்களா? மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ராஜம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அடியில் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. நின்ற இடம் மாறாமல் இருக்கப் பாதத்தைச் சுற்றிப் போடும் கோடு.

"என் புருசன் போனப்போ ஊரு கூடிச்சு. ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு இல்லன்னு சொல்லிச்சு. ரெண்டு பிள்ளைய ரெண்டு பக்கம் வச்சிக்கினு நின்னேன். யாரும் நிமிந்து பாக்கல. அன்னிக்கு நான் துணியோடதான் நின்னேன்."

முத்து வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"இங்க வந்து நின்னப்போ, காலு வலிக்குதான்னு கேட்டாங்க. இப்பிடி நிக்க முடியுமான்னு கேட்டாங்க. முடியாதுன்னு சொன்னா சரின்னாங்க. எது மானம்னு நீங்களே வச்சிப் பாருங்க."

"நாங்க நாலு மணிக்கு வரமாட்டோம்."

"அத உங்க அக்கா சொல்லட்டும். என் வூட்டுல நாலு மணிக்கு அடுப்பு எரியும்."

மணி மறுபடி அடித்தது. "வேலை இருக்குண்ணே" என்று எழுந்து, அதே அசையாத தலையோடு உள்ளே போனாள்.

அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி பரத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைச் சட்டையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான்.

"நீதான் சொன்னியா?"

"ஆமாண்ணா."

"ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா..."

"சொல்லத் தெரியல."

"எல்லாத்தையும் எழுதி எழுதிப் பாப்பியே, இத யோசிக்கலியா?"

மாலதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். யோசித்திருந்தால் விழுங்கியிருப்பாள். யோசிக்காததால்தான் வந்தது. அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

ராஜம்மா நேராக அடுப்புக்குப் போனாள். இறாலை மஞ்சள் போட்டுப் பிரட்டினாள். வாசனை தெரு வரை போயிற்று. நாலு மணி ஆயிற்று. தெருவில் யாரும் இல்லை. பரத் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியபோது பைக் வந்து நின்றது.

பூவிழி இறங்கினாள். முத்து இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயில் உட்கார்ந்த பூவிழி முதலில் பேசியது ராஜம்மாவிடம் அல்ல.

"பரத்து, ஆஸ்பத்திரின்னு எங்ககிட்ட யார் சொன்னது? உங்க அம்மாவா?"

"இல்லீங்க."

"தங்கச்சியா?"

"நான்தான்."

"ஏன்?"

பரத் தரையைப் பார்த்தான். "பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு."

"குடுப்பனோ மாட்டனோ, அது என் வேலை. எனக்கு முன்னாடி நீயே முடிவு பண்ணிட்ட." பிறகு ராஜம்மா பக்கம் திரும்பினாள். "யக்கா, நானும் ஒளிக்காம சொல்லிடறேன். கேட்டதும் எனக்கு ஒடம்பு கூசிச்சு. இப்பவும் கூசுது. இன்னா சொல்றதுன்னு தெரியல. ஆனா அம்மா செய்யற வேலைய மறைக்கறவன், நாளைக்கு எம்பொண்ணுகிட்ட எத மறைப்பான்? அதான் எனக்குப் பெருசாத் தெரியுது."

ராஜம்மா இதை எதிர்பார்க்கவில்லை. முத்துவுக்கு வைத்திருந்த பதில்கள் இவளுக்குப் பொருந்தாது. "கேக்கறது நியாயம்தான்" என்றாள் மெதுவாக.

"மோகனப்பிரியாகிட்ட எல்லாம் சொல்ட்டேன். அவ கத்துவான்னு பாத்தா, அந்தச் சிலைய நான் பாக்கணும்னு நிக்கறா. போற வூட்டுல பாக்கக் கூடாத விஷயம்னு ஒண்ணு இருக்கக் கூடாதாம். பாத்துட்டுத்தான் சொல்லுவாளாம்."

வெளியிலிருந்து முத்து கத்தினார். "நான் வரமாட்டேன்!"

"உன்ன யாரு கூப்ட்டா?" என்றாள் அக்காள், திரும்பாமலேயே.

ராஜம்மா எழுந்து அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். கூடத்துக்கு வெளியே இதுவரை யாரும் அவள் சம்மதத்தைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். அதுவே அவளுக்குப் போதுமானதா என்று மாலதி அவள் முகத்தில் தேடினாள்.

"நான் நிக்கும்போது பாக்க முடியாது. களிமண்ணப் பாக்கலாம். நாளைக்குக் காலையில மட்டும்தான். அச்சு எடுத்தாங்கன்னா களிமண்ண ஒடச்சிடுவாங்க. அதும் நந்தினிம்மா சரின்னு சொன்னா."

மாலதி போன் போட்டாள். நந்தினி முழுவதும் கேட்டாள். "ராஜம்மாக்காவுக்குச் சம்மதமா? நீ சொல்லாத மாலதி, அவங்ககிட்ட குடு."

"சம்மதம்தான் நந்தினிம்மா" என்றாள் ராஜம்மா. "எல்லாரும் உள்ள வரலாமா? ம்... சரி. அச்சு எடுக்கறவங்க வர்றதுக்கு முன்ன."

தட்டில் இறால் வைத்து பூவிழியின் முன் நகர்த்தினாள். பூவிழி தட்டைத் தொட்டு, மறுபடி அவள் பக்கமே தள்ளி வைத்தாள். சம்பந்தம் பேச வந்த வீட்டில் சாப்பிட்டால் சரி என்று அர்த்தம்.

"தண்ணி குடிக்கறேன் யக்கா. கை நனைக்கறத நாளைக்குப் பாத்துக்கலாம்."

பைக் போன பிறகு வீட்டில் யாரும் தட்டைத் தொடவில்லை. பரத் வெளியே போய், கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்தான். வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று மாலதி டைரியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தாள். அவன் திரும்பாமல் கேட்டான்.

"மொத பஸ் எத்தினி மணிக்கு?"

"அஞ்சே முக்கால்."

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. மாலதியும் கேட்கவில்லை. எழுதினாள்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை.

இன்றைய தவறு: காலையில் போனில் 'வேலை' என்று மட்டும் சொன்னேன். என்ன வேலை என்று சொல்லவில்லை.

நாளைய வேலை: முதல் பஸ்ஸில் ஏற வேண்டும். பொன்னேரியில் மோகனப்பிரியாவும் அவள் அம்மாவும் காத்திருப்பார்கள். எட்டரைக்குள் மீஞ்சூர் சேர வேண்டும். போனை வாளியில் போட வேண்டும். நானும் உள்ளே போக வேண்டும்.